இலவசக் கல்விக்கு எத்தனை பேர்?

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பஸ் புசல்லாவையையும் எல்பொடையையும் கடந்து இறம்பொடைக்கு ஏறும்போது பயணிகள் எல்லாரும் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சி அங்கே தெரியும். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணாடிபோலக் கிடக்கும். எதிர்மலையில் சின்மயா மிஷன் அமைத்த ஆஞ்சநேயர் கோவில். கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் வாகனங்கள் இங்கே நின்று, படம் எடுத்து, தேநீர் குடித்துவிட்டுத்தான் போகும்.

இந்தப் பாதையால் போனவர்களுக்கு இன்னொரு காட்சியும் நினைவிருக்கும். லபுக்கலைப் பக்கமிருந்து வாகனம் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒரு சிறுவன் பூங்கொத்தை நீட்டுவான். நாம் வாங்காமல் போனால் அவன் தேயிலை மலைக்குள் பாய்ந்து குறுக்குப் பாதையால் ஓடுவான். அடுத்த வளைவுக்கு நாம் வந்து சேரும்போது அவன் அங்கே நிற்பான். அதற்கடுத்த வளைவிலும் நிற்பான். அந்த ஓட்டத்தைப் பார்த்து வியந்தே பலர் காசு கொடுக்கிறார்கள். அவன் எதற்காக ஓடுகிறான் என்று வாகனத்தை நிறுத்திக் கேட்பவர் குறைவு.

நாம் கேட்டோம். 2025 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அது. "அக்காவுக்கு ரியூசன் காசு" என்றான் அந்தப் பையன். தரம் 7இல் படிப்பவன். அவன் பின்னால் நடந்துதான் இந்தக் கட்டுரையில் வரும் லயத்துக்கு நாம் போய்ச் சேர்ந்தோம். அந்தக் குடும்பத்தின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. பாடசாலையில் ஏற்கெனவே பெயர் வாசிக்கப்பட்டு வெட்கப்பட்ட ஒரு பிள்ளையின் பெயரை நாமும் ஒரு முறை வாசிக்க வேண்டுமா?

கொப்பியின் கடைசிப் பக்கம்

அக்காவுக்கு வயது 15. தோட்டத்துப் பாடசாலையில் தரம் 9 வரைதான் உண்டு. 2025ஆம் கல்வியாண்டு சனவரிக் கடைசியில் தொடங்கியபோது தரம் 10க்கு அவள் பஸ் ஏறிப் பெரிய பாடசாலைக்குப் போக வேண்டியதாயிற்று. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒரு தடவை காசு அனுப்புவார், சில மாதங்களில் அனுப்பமாட்டார். அம்மா கொழுந்து பறிக்கிறார். வீட்டில் இன்னும் ஒரு கைக்குழந்தையும் அப்பாயியும் இருக்கிறார்கள்.

நாம் வழக்கம்போல வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினோம். அந்தத் தாய் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதில் ரூபாக் கணக்கே இல்லை. எல்லாம் "பேர்" கணக்கு. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் பதிவுக்குத் தோட்டத்தில் பேர் என்று பெயர். குறித்த கிலோ கொழுந்து கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். முழுப்பேருக்கு அப்போது 1,350 ரூபா.

மகளின் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: சப்பாத்து மூன்று பேர். கொப்பிகள் ஐந்து பேர். பாடசாலையில் சேரும்போது கட்டிய காசுகள் நான்கு பேர். புத்தகப் பை இரண்டு பேர். வெள்ளைச் சீருடைக்குத் தையற்கூலி ஒரு பேர். மாதப் பஸ் காசு ஒரு பேர். கணிதம், விஞ்ஞானம் இரண்டுக்கும் ரியூசன் மாதம் இரண்டு பேர்.

கூட்டிப் பார்த்தோம், 18 பேர். சனவரி மாதத்தில் அம்மாவுக்கு விழுந்த பேர் 17.

"அரிசியும் மாவும் அப்ப எதுல வாங்குறது ஐயா?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குத் தெரிந்த மனிதர்களாக நாம் வந்திருக்கிறோம், விடை சொல்வோம் என்று எதிர்பார்த்துக் கேட்டதுபோல இருந்தது.

அந்த 17 பேருக்கும் முழுச் சம்பளம் கைக்கு வருவதில்லை என்பதைத் தோட்டம் அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோவில் காசு, முந்திய தீபாவளி முற்பணத்தின் மிச்சத் தவணை எல்லாம் பிடித்த பிறகு கிடைப்பதுதான் சம்பளம். பிடித்தம் சம்பளத்தை மிஞ்சினால் அதற்கு "துண்டு விழுந்தது" என்பார்கள். அந்த மாதம் கையெழுத்து வைப்பதற்கு மட்டும் சம்பள வரிசையில் நிற்க வேண்டும்.

எது இலவசம், எது இலவசமில்லை

இந்நாட்டில் கல்வி இலவசம். 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர அவர்களின் முயற்சியால் வந்த திட்டத்தை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அது பெருமைக்குரியதுதான். 1980இலிருந்து பாடநூல்கள் இலவசம். 1993இலிருந்து சீருடைத் துணி இலவசம். 2025ஆம் ஆண்டுக்குரிய சீருடைத் துணி முழுவதையும் சீனா நன்கொடையாகத் தந்தது. பாடசாலை மூலம் தோற்றும் மாணவருக்குச் சாதாரண தரப் பரீட்சைக் கட்டணமும் இல்லை. கல்வி அமைச்சின் நிலைப்பாட்டைப் பார்த்தாலும், காசு கட்டவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் பாடசாலைக்கு வெளியே நிறுத்தக் கூடாது.

அப்படியென்றால் அந்த 18 பேர் எங்கிருந்து வந்தது?

பாடநூல் இலவசம், கொப்பி இலவசமில்லை. துணி இலவசம், தையல் இலவசமில்லை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் ரியூசன் ஆசிரியரின் சம்பளம் கொழுந்து பறிக்கும் தாயினுடையது. இவற்றோடு வசதிகள் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா, தவணைப் பரீட்சை வினாத்தாள் காசு, விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்தின் நிறத்தில் ரீசேட், கதிரை மேசை திருத்தக் காசு என்று ஒவ்வொன்றாக வரும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. நகரத்தில் மாதச் சம்பளம் பெறும் தகப்பன் அவற்றைக் கணக்கிலும் எடுக்கமாட்டார். நாட்கூலிக் குடும்பத்தில் அவை எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. அதுவும் தைப்பொங்கல் வரும் மாதத்தில்.

பஸ் விடயத்தையும் சொல்ல வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபை மாணவருக்குப் பருவச் சீட்டு வழங்குகிறது. பெற்றோர் கட்டுவது சொற்பம், மிகுதியை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் பருவச் சீட்டு சபையின் பஸ்ஸில் மட்டுமே செல்லும். காலையில் அவள் நிற்கும் சந்திக்கு அந்த பஸ் நேரத்துக்கு வந்தால் ஏறலாம். வராவிட்டால், அல்லது மிதிபலகைவரை நிறைந்து வந்து நிற்காமல் போனால், தனியார் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும். எனவே அவள் பருவச் சீட்டும் வைத்திருக்கிறாள், பஸ் காசும் வைத்திருக்கிறாள்.

நம்மைத் திகைக்க வைத்தது வேறொன்று. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் பாடசாலை உபகரணங்களுக்காக ஒரு மாணவருக்கு 6,000 ரூபா வழங்கியது. அஸ்வெசும கொடுப்பனவு பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், 300க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. தோட்டத்துப் பாடசாலையில் மாணவர் தொகை 300க்குக் குறைவு, ஆகவே தம்பிக்குக் கிடைத்தது. சப்பாத்து வவுச்சரும் அவ்வாறே 250க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலைகளைப் பார்த்தே கொடுக்கப்பட்டது. தரம் 9 சித்தியடைந்து பெரிய பாடசாலைக்குப் போன அக்காவுக்கு இரண்டும் இல்லை. குடும்பத்துக்கு அஸ்வெசுமவும் இல்லை. விண்ணப்பம் போட்டார்கள், பெயர் வரவில்லை, மேன்முறையீடும் செய்தார்கள். ஆக, ஒரே லயத்து அறையில் படுத்தெழும்பும் இரண்டு பிள்ளைகளில் மேற்படிப்புக்குப் போன பிள்ளைதான் உதவியை இழந்தாள். சிறிய பாடசாலைகளுக்கு உதவ நினைத்தவர்களின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டப்புறத்தில் வறுமை பாடசாலையின் அளவைப் பார்த்து இருப்பதில்லையே.

திங்கட்கிழமைக் காய்ச்சல்

மார்ச் மாதத்தில் அவள் அடிக்கடி பாடசாலைக்குப் போகாமல் நின்றாள். எந்த நாட்களில் என்று பார்த்தால் பெரும்பாலும் திங்கட்கிழமைகள். தலையிடி, காய்ச்சல், வயிற்றுவலி என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். அம்மா பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் விசாரிக்கவில்லை. கடைசியில் தம்பிதான் சொன்னான். திங்கட்கிழமைக் காலைக் கூட்டம் முடிந்ததும் வகுப்பில் காசு கட்டாதவர்களின் பெயர் வாசிக்கப்படுகிறது. எழுந்து நிற்க வேண்டும். எப்போது கட்டுவாய் என்று கேட்பார்கள், ஒரு திகதி சொல்ல வேண்டும். சொன்ன திகதி கடந்துபோனால் அடுத்த திங்களும் எழுந்து நிற்க வேண்டும்.

அந்தப் பாடசாலையின் அதிபருடன் நாம் பேசினோம். அவர் கடுமையான மனிதர் அல்லர். "நாங்க ஒரு பிள்ளையையும் வெளிய நிப்பாட்டல்ல. பெயரத்தான் வாசிக்கிறம்" என்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து மின்சாரப் பட்டியலையும் தண்ணீர்ப் பட்டியலையும் எடுத்துக் காட்டினார். ஒடிந்த கதிரைகள் அடுக்கியிருந்த அறையையும் காட்டினார். அரசு தரும் நிதி எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாத நிலையில், பெற்றோரிடம் வாங்காமல் பாடசாலையை எப்படி நடத்துவது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் மின்சாரப் பட்டியலின் பாரத்தை 15 வயதுப் பிள்ளை எழுந்து நின்று சுமப்பது எந்த நியாயம் என்று நாம் கேட்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் பெயர் வாசிப்பதை நிறுத்தி, பெற்றோருக்குத் துண்டு அனுப்பச் சொல்லியிருப்பதாகப் பின்னர் அறிந்தோம். காசு இன்னமும் கேட்கப்படுகிறது. ஆனால் திங்கட்கிழமைக் காய்ச்சல் நின்றுவிட்டது.

இது எங்கிருந்து தொடங்கியது?

மலையகத்தில் பாடசாலையும் கூலியும் எப்போதும் ஒன்றோடொன்று பின்னியே வந்திருக்கின்றன. கோப்பிக் காலத்தில் தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் கல்வி என்ற பேச்சே அரிது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களில் சிறு பள்ளிகளை நடத்தியது. கூலி என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்த திருப்பணி அது. அதை எண்ணி இன்று நாம் கூச்சப்படத்தான் வேண்டும், ஆனாலும் முதற் பலகையும் மணலும் சில பிள்ளைகளுக்கு அங்கேதான் கிடைத்தன. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் துரைமாரைப் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. நடைமுறையில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலையாக இருந்தது. பிள்ளை பத்து வயதானால் கொழுந்துக் கூடைக்குத் தயார் என்பது எழுதப்படாத பாடத்திட்டம்.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. மூன்று ஆண்டுகளில் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1947 தேர்தலில் மலையகம் தன் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அவர்களில் ஒருவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியத் தொழிலும் பார்த்தவர். குடியுரிமையோடு வாக்கும் பறிபோனபின் பாடசாலை கேட்டுப் பேச யார் இருந்தார்கள்? 1970களில் தோட்டங்கள் தேசியமயமாகி, 1977இலிருந்து படிப்படியாகப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மற்ற இலங்கைப் பிள்ளைகள் இலவசக் கல்வியில் மூன்று தசாப்தங்களைக் கடந்திருந்தார்கள். பின்னர் சுவீடனின் சீடா நிறுவனத்தின் உதவியால் கட்டடங்கள் எழும்பின. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. அங்கு பயின்ற ஆசிரியர்களே இன்று பல தோட்டப் பாடசாலைகளைத் தாங்கி நிற்கிறார்கள். 2015 அளவில் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாவே கொடுக்கப்பட்டது. அந்தக் காசில் ஒரு பட்டணத்து அறைக்கு வாடகையும் கட்ட முடியாது. படிப்பித்த பிள்ளைகளின் தாய்மாரைப் போலவே அவர்களும் கடனில்தான் சப்பாத்து வாங்கியிருப்பார்கள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க முடியாது. கொப்பியின் விலையைக் கேட்டுக் கடைவாசலிலேயே திரும்பிய தாய்மாரை நாம் கண்டோம். பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்தெடுத்து ஊசிநூலால் தைத்துக் கொடுத்த ஓர் அப்பாயியையும் கண்டோம். தோட்டப்புற மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக்கோட்டின் கீழ் விழுந்தார்கள் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. அதன்பின் சம்பளம் உயர்ந்தது உண்மை. 2021இல் 1,000 ஆக இருந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கவும், வருகைக்கென அரசு 200 ரூபா சேர்க்கவும் முன்மொழியப்பட்டது. ஆனால் அந்தத் தாயின் கொப்பியில் கணக்கு ரூபாவில் இல்லையே. சப்பாத்தின் விலையும் ஏறும்போது மூன்று பேர் மூன்று பேராகவே இருக்கிறது.

பெண் பிள்ளை என்றால்

ஏப்ரல் விடுமுறையில் கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். தெரிந்த வீடு, நல்ல மனிதர்கள், பிள்ளையைப் பார்க்கும் வேலை, மாதச் சம்பளம், சாப்பாடும் உடுப்பும் அவர்களே தருவார்கள், இரண்டு வருடத்தில் கடன் அடைந்துவிடும். அப்பா தொலைபேசியில் "யோசிப்பம்" என்றாராம். அம்மா மூன்று இரவு தூங்கவில்லை.

"எனக்கு டயகம புள்ளதான் ஞாபகத்துல வந்துச்சு" என்று அவர் நம்மிடம் சொன்னார்.

2021 யூலையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்தபோது தீக்காயங்களுக்கு உள்ளாகி இறந்த 16 வயதுச் சிறுமியை மலையகத்துத் தாய்மார் எவரும் மறக்கவில்லை. அந்த ஆண்டிலேயே வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வி வயது 2016இலேயே 16 ஆகிவிட்டது. சட்டங்கள் இருக்கின்றன. நாம் சந்தித்த தாய்க்கு அவை தெரியாது, அந்தச் சிறுமியின் கதைதான் தெரியும். அதுவே மகளை நிறுத்தி வைத்தது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே கொடுக்கும் திட்டம் 2022இல் தொடங்கியது. சீருடையோடு ஏறும் மாணவருக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. படிப்பின் அடுத்த படிக்கு ஏறும் பெண்பிள்ளைக்கு உதவியும் கூடவே ஏறுகிறது என்பதைக் கவனிக்கிறோம். இங்கே அவள் படியேறியதும் உதவி கீழேயே நின்றுவிட்டது.

தைச் சீட்டு

மே மாதம் கொழுந்து நன்றாக இருந்தது. அப்போதுதான் அந்த லயத்திலும் மேட்டு லயத்திலும் உள்ள தாய்மார் 12 பேர் ஒரு சீட்டுத் தொடங்கினார்கள். தோட்டங்களில் சீட்டு புதிதல்ல. ஆனால் வழமையான சீட்டில் மாதம் ஒருவர் எடுப்பார். இதில் யாரும் எடுப்பதில்லை. சம்பள நாள் மாலையில் ஆளுக்கு அரைப்பேர்க் காசு போட்டு, மறுநாள் தபாற் கந்தோரில் சேமிப்புப் புத்தகத்தில் வைப்பார்கள். பாடசாலை தொடங்கும் மாதத்தில் போட்டவர் போட்டதை எடுத்துக்கொள்வார். கணக்கெழுதுவது நம் கதையின் அக்காதான்.

இந்த யோசனை நம்முடையது என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. நாம் கொப்பி வழங்கும் விழா ஒன்று நடத்தலாம் என்றுதான் சொன்னோம். "கொப்பி தாங்க ஐயா. ஆனா கதிர போட்டு, மாலை போட்டு, போட்டோ புடிக்காதீங்க. போன வருசம் ஒரு கம்பனி வந்து குடுத்தாங்க. என் மக அந்தப் போட்டோவுல இருக்கான்னு வகுப்புல சிரிச்சாங்க" என்றார் மேட்டு லயத்து அம்மா ஒருவர். நமது காரியாலயச் சுவரில் தொங்கும் படங்கள் அப்போது நினைவுக்கு வந்தன.

யூலை மாதம் தென்மேல் பருவ மழையில் கொழுந்து குறைந்தது. ஐந்து பேருக்குத் துண்டு விழுந்து, அவர்களால் சீட்டுக் காசு போட முடியவில்லை. அதே மாதம் ஒரு வீட்டில் சாவு. அந்த வீட்டுப் பெண் தன் பங்கைத் திருப்பிக் கேட்டார். விதியை ஒரு முறை மீறினால் சீட்டு உடையும், தை மாதத்துக்குக் காசு இருக்காது என்று நாம் எடுத்துச் சொன்னோம். அவர்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை கூடிப் பேசி அவர் போட்டதைக் கொடுத்ததோடு, ஆளுக்கு நூறு ரூபா மேலேயும் கொடுத்தார்கள். அந்தப் பெண் செப்டெம்பரில் மீண்டும் சீட்டில் சேர்ந்தார். சீட்டு உடையவில்லை. அன்று நாம் சொன்னபடி நடந்திருந்தால் உடைந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறோம்.

இந்தக் குறிப்புகளை எடுத்து முடித்த பிறகு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை மலையகம் முழுவதையும் பெயர்த்துப் போட்டது. மண்சரிவில் வீடுகளும் வீதிகளும் போயின, உயிர்கள் போயின. ஆறு மாதம் சேர்த்த அரைப்பேர்களின் கணக்கை அப்படியொரு வாரத்துக்காக யாரும் போட்டு வைத்திருக்கவில்லை.

நாம் கடைசியாகப் போனது அதற்கு முன், தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. முற்பணம் கொடுத்திருந்தார்கள், லயத்தில் எண்ணெய் வாசனை அடித்தது. அக்கா அன்று பாடசாலைக்குப் போயிருந்தாள். இரண்டாம் தவணையில் கணிதத்தில் 61 புள்ளி என்று அம்மா தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். எழுத்துக் கூட்டித்தான் அவர் வாசிப்பார், அந்த எண்ணை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். நாம் எழும்பும்போது ஒரு விடயம் கேட்டார்.

"ஒங்க புத்தகத்துல ஒன்னு எழுதுவீங்களா ஐயா? பள்ளிக்கூட நாள்ல எங்க பயகிட்ட பூ வாங்க வேணாம்னு எழுதுங்க. சனி ஞாயிறு வாங்கட்டும். அக்காவுக்குன்னு சொல்லிச் சொல்லி அவன் இப்ப வெள்ளிக்கிழமையும் போறானாம். வாத்தியாரு சொல்லி அனுப்பியிருக்காரு."

எழுதுவதாகச் சொல்லிவிட்டு வந்தோம். லபுக்கலையில் ஒரு வேலை முடித்து, மதியத்துக்குச் சற்று முன் வாகனம் இறங்கியது. மூன்றாவது வளைவில் அவன் நின்றான். பாடசாலைக் காற்சட்டைமேல் பழைய ரீசேட் போட்டிருந்தான், கையில் மஞ்சளும் ஊதாவுமாக ஒரு கொத்து. நம்மை அடையாளம் கண்டதும் பூவைப் பின்னால் மறைத்தான்.

"இன்னிக்கு இஸ்கூல் லீவு" என்றான், கேட்காமலே.

அவனுக்குப் பின்னால் நின்ற இன்னொரு பையன் சிரித்தான். நமக்குப் பின்னால் வந்த வேனில் யாரோ யன்னலைத் திறந்து நூறு ரூபாத் தாளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.